கோமதி டீச்சர் வரையாத மீன்கொத்தி

அந்த மீன்கொத்தியை வரைந்தவன் நான்.

எங்கள் பல்கலைக்கழகக் கலைக்கூடத்துக்கு வந்திருந்தால் அந்த ஓவியத்தை நீங்கள் பார்க்காமல் போயிருக்க முடியாது. நுழைந்ததும் எதிர்ச்சுவரில் இருப்பது அதுதான். மகாவலிக் கரையில் ஒரு பெரிய மரம். அதன் கீழே மழைக்கு ஒதுங்கி நிற்கும் மனிதர்கள். வலப்பக்க மேல்மூலையில், கிளை நுனியில், நீலமாய் ஒரு பறவை. பார்க்க வருகிறவர்கள் கடைசியில் அந்தப் பறவையிடம்தான் வந்து நிற்பார்கள். கீழே கோமதி டீச்சரின் கையெழுத்து இருப்பதால், பறவையும் அவருடையது என்றே நீங்கள் நம்பியிருப்பீர்கள்.

நம்பவைத்தவன் நான். அதைவிடக் கொடிய ஒன்றையும் செய்திருக்கிறேன்... அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கலஹாவில் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி முதலாம் வருட மாணவனாக வந்த நாட்களிலேயே அந்த ஓவியம் என்னைப் பிடித்துக்கொண்டது. அப்போது அது பழைய மண்டபத்தில் தொங்கியது. கோமதி டீச்சர் கண்டியில் ஒரு பாடசாலையில் சித்திரம் கற்பித்தவர். நகரத்து வியாபாரக் குடும்பத்துப் பெண். இளம் வயதில் எங்கள் வளாகத்துக்கு வந்து வந்து வரைந்த அந்தப் படத்தை வளாகத்துக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

மழையை அவர் வரையவில்லை. ஒரு கோடுகூட இல்லை. ஆனால் நிற்பவர்களின் தோள்களைப் பார்த்தால் மழை கேட்கும். செருப்பைக் கையில் பிடித்த மாணவி. அவளுக்கும் தனக்கும் நடுவே ஒரு குடையளவு இடம் விட்டு நிற்கும் மாணவன். பேக்கரிப் பெட்டி கட்டிய சைக்கிளை விட்டு வர மனமில்லாமல் பாதி நனையும் பாண் வியாபாரி. ஓரமாக, வெறும் கொழுந்துக் கூடையோடு ஒரு தோட்டத்துப் பெண்.

எங்கள் பெண்களைப் படங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாப் படங்களிலும் சிரிப்பார்கள். இந்த ஒருத்திதான் சிரிக்காமல், சலிப்போடு வானத்தைப் பார்த்து நின்றாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் என் அக்கா அப்படித்தான் நிற்பாள். அதைக் கண்ட ஒருவரின் கை எத்தகைய கை! நானும் ஓவியம் கற்கவேண்டும் என்று தீர்மானித்தது அந்தப் படத்தின் முன்னால்தான்.

பட்டம் முடிந்ததும் கலைக்கூடத்திலேயே தற்காலிக உதவியாளனாக வேலை கிடைத்தது. எங்கள் லயத்தின் வரிசைவீடுகள் எல்லாவற்றுக்கும் அம்மா சொல்லிவிட்டார், மகன் கெம்பஸில் வேலை செய்கிறான் என்று.

பழைய மண்டபத்துக் கூரை ஒழுகத் தொடங்கியதால் ஓவியங்களைப் புதிய கட்டடத்துக்கு மாற்றினோம். கலைக்கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் ஒருவர். “பெரிய படத்தைத் தனிய தூக்கக்கூடாது, விளங்கிச்சோ? ரெண்டு பேர் வேணும்,” என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

நான் தனியே தூக்கினேன். போயா என்னும் பௌர்ணமி விடுமுறைக்கு மற்றவர்கள் போய்விட்டார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஒழுகும் இடத்தில் அதை விட்டுப் போக மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது உண்மையா? பாதி உண்மை. அந்த ஓவியத்தைக் கொஞ்ச நேரம் யாரும் இல்லாமல் என் கையில் வைத்திருக்க ஆசைப்பட்டேன் என்பது மீதிப் பாதி.

திரும்பும்போது சுவரில் சாய்த்திருந்த ஏணியின் முனை கன்வஸ் துணியில் ஏறிவிட்டது. சின்னச் சத்தம்தான். வானத்தில், வலப்பக்கக் கிளை நுனியை ஒட்டி, பெருவிரல் நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல்.

பேராசிரியருக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கொழும்பிலிருந்து ஆள் வந்து முறைப்படி செப்பனிட்டிருப்பார்கள். எனக்கோ வேலை போயிருக்கும்... அல்லது போகாமலும் இருந்திருக்கும். யோசிக்கவே துணியவில்லை. பின்பக்கம் துணி ஒட்டி, முன்பக்கம் நிரப்பி, மறுநாள் போயாவன்று ஆளில்லாத கட்டடத்தில் உட்கார்ந்து வானத்தைக் கலக்கினேன்.

அந்தச் சாம்பல் நிறம் வரவே இல்லை. டீச்சரின் சாம்பலுக்குள் எங்கோ ஒரு ரோஜா நிறம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் கலக்கியது வெறும் சாம்பல். ஒட்டுப்போட்ட இடம் தேமல் போலத் தெரிந்தது. அதை மறைக்க ஏதாவது வேண்டும். மாலைக்குள் அந்த இடத்தில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது.

யாரும் கவனிக்கவில்லை. பழைய மண்டபத்தின் மங்கலில் அந்த மூலை யார் கண்ணிலும் பட்டிருக்கவில்லை. புதிய கட்டடத்தில் நல்ல வெளிச்சம். “இவ்வளவு காலமா இந்தக் குருவியை நான் காணேல்லையே,” என்று பேராசிரியர் வியந்தார். பிறகு ஒரு கட்டுரையே எழுதினார்: எல்லோரும் மழைக்கு ஒதுங்கி நிற்க, ஒதுங்காத ஒரே உயிர் அந்தப் பறவை என்று.

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும் அல்லவா? வந்தது பெருமை! நான் உயிராய் மதித்த ஒருவரின் ஓவியத்தில் என் கையைப் பிரித்தறிய முடியவில்லை என்ற பெருமை. பார்வையாளர்களை நானே அந்த மூலைக்கு அழைத்துப் போகத் தொடங்கினேன்.

ஒரு பிற்பகல் கோமதி டீச்சர் வந்தார். அவரைக் கௌரவிக்கச் சிறு கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. மகள் வாசுகி அக்கா கையைப் பிடித்திருந்தாலும் டீச்சர் நிமிர்ந்தே நடந்தார். இன்னும் தினமும் வரைவதாகச் சொன்னார். விரல் இடுக்கில் மஞ்சள் வர்ணம் காய்ந்திருந்தது.

ஓவியத்தின் முன்னால் நீண்ட நேரம் நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “இந்தக் குருவி என்னோடது இல்ல.”

பேராசிரியர் சிரித்தார். “எவ்வளவு காலத்துக்கு முந்திக் கீறின படம் டீச்சர்... உங்கட படத்திலயே எனக்கு ஆகப் பிடிச்சது இந்தக் குருவிதான்.”

“இல்லங்க. அந்த எடத்த நான் வேணும்னேதான் சும்மா விட்டேன். அந்தப் பொண்ணு பாக்குறது வெறும் வானத்த. அங்க ஒண்ணுமே இருக்கக்கூடாது.”

“அம்மா, மறந்துட்டீங்க போல,” என்றார் வாசுகி அக்கா தாழ்ந்த குரலில். சுற்றி நின்றவர்களின் முகங்களில் அந்த இரக்கப் புன்னகை வந்தது. முதியவர்களைப் பார்த்து நாம் காட்டும் புன்னகை.

டீச்சர் சுற்றிலும் பார்த்தார். கடைசியில் என்னிடம் வந்தார். “தம்பி, நீங்கதான இத பாத்துக்கிறீங்க? இது முன்னயே இருந்துச்சா?”

கேட்டது என்னிடம். வேறு யாருக்கும் பதில் தெரியாது.

“இருந்துச்சு டீச்சர்,” என்றேன்.

இதுதான் நான் செய்தது. கிழித்ததல்ல, ஒட்டியதல்ல, வரைந்ததுகூட அல்ல. இந்த ஒரு சொல்!

அவர் மறுபடி படத்தைப் பார்க்கவில்லை. “அப்ப எனக்குத்தான் ஞாபகம் தப்பிருச்சு. மன்னிச்சுக்குங்க,” என்று எல்லோரிடமும் பொதுவாகச் சொன்னார். மன்னிப்புக் கேட்டது அவர்...

அடுத்த வருடம் வாசுகி அக்கா கலைக்கூடத்துக்குத் தகவல் அனுப்பினார்: அம்மா வரைவதை நிறுத்திவிட்டார், அவருடைய படங்களை வளாகத்துக்கே தருகிறோம். எடுத்துவரப் போனவன் நான். கண்டி வாவிக்கு மேலே மலைச்சரிவில் அவர்கள் வீடு. முன்னறையில் கட்டுக் கட்டாகப் படங்கள். ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தேன். ஈரச் சந்தை, பெரஹரா ஊர்வலத்துக்குக் காத்திருக்கும் யானைப்பாகன், ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் தூங்கும் தாய். இந்தக் கையா நின்றுபோனது?

“அம்மாவுக்கு மறதின்னு ஒங்க எடத்துலதான் எங்களுக்கு மொதல்ல தெரிஞ்சிச்சு,” என்றார் வாசுகி அக்கா. “அதுக்கப்புறம் அம்மா தன்னையே நம்புறதில்ல. கறிக்கு உப்புப் போட்டேனான்னு நாலு தரம் கேப்பாங்க. ஒரு நெறத்த கலந்துட்டு, இதுவான்னு எங்கிட்ட கேப்பாங்க. எனக்கென்ன தெரியும்? பொறகு தூரிகைய தொடவே இல்ல. டொக்டர் வயசுன்னு சொல்றாரு.”

வயதா? நானா? மறதி உண்மையிலேயே தொடங்கியிருந்ததா, அல்லது அதை நான்தான் அவர் கையில் கொடுத்தேனா? இதற்கு எந்த வைத்தியரும் பதில் சொல்ல முடியாது.

அக்கா தேநீர் போட உள்ளே போனதும் டீச்சர் அருகில் போனேன். ஜன்னலோரக் கதிரையில் இருந்தார். முழங்காலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏணி, கிழிசல், சாம்பல், மீன்கொத்தி. “பொய் சொன்னேன் டீச்சர். நீங்க சொன்னதுதான் சரி. அது நான் வரைஞ்சது.”

பொறுமையாகக் கேட்டார். பிறகு, பிழைவிட்ட பிள்ளையைத் திருத்துவது போல என் தோளைத் தொட்டார்.

“இல்ல தம்பி. அது நான் வரஞ்சதுதான். எல்லாரும் சொன்னாங்களே.”

தேநீரோடு வந்த மகளிடம் சொன்னார்: “இந்தத் தம்பி, அந்தக் குருவிய நான் வரையலன்னு சொல்றாரு.”

வாசுகி அக்காவின் முகம் மாறியது. “ஏன் தம்பி அத திரும்பக் கெளர்றீங்க? இப்பதான் அம்மா கொஞ்சம் நிம்மதியா இருக்காங்க.”

அந்த நேரத்தில் அக்காவிடமாவது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. கோப்பையை வாங்கிக்கொண்டேன். தேநீரைக் குடித்தேன்.

படங்களை வேனில் ஏற்றி முடித்தபோது டீச்சர் வாசல் வரை வந்தார். இதை எழுதும் இன்றுவரை பேராசிரியரிடம் நான் சொல்லவில்லை, இதற்குள் வேலையும் நிரந்தரமாகிவிட்டது. ஒவ்வொரு காலையும் அந்தக் கதவைத் திறப்பவன் நான்தான்.

“என் படமெல்லாம் ஒங்கள நம்பித்தான் குடுக்குறேன்,” என்றார் டீச்சர். “பத்திரமா பாத்துக்குங்க தம்பி.”

“சரிங்க டீச்சர்,” என்றேன்.