இடுப்பில் ஒரு வெளிச்சம்

ஈயக் கவசத்துக்குள் இருந்த ஊசியை வலது கை பிடித்திருந்தது. இடது கை நரம்பைத் தடவிக் கண்டுகொண்டது. தண்ணீர் போல நிறமற்ற மருந்து உள்ளே இறங்கியது. இனி அது ரத்தத்தோடு போய், எலும்பில் வேலை அதிகம் நடக்கும் இடங்களில் தங்கி, கண்ணுக்குத் தெரியாத கதிரை வெளியே அனுப்பும்.

அந்தக் கைகள் ஜெயபாரதியுடையவை. ஆழ்வார்பேட்டை ஸ்கேன் மையத்தில் அந்தக் கதிரைப் படமாக்கும் கேமராவை இயக்குபவள். தொழிலைப் பாதி மூத்தவர்களிடம் கற்றாள், மீதியைப் பிசகிப்போன படங்களிடம்.

ஊசி போட்டுக்கொண்டவள் தேசம்மா, பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவள். மார்பில் புற்றுநோய். எலும்புக்குப் பரவாமல் இருந்தால் அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. பரவியிருந்தால் வைத்தியமே வேறு. பரவிய இடத்தில் மருந்து குவிந்து, படத்தில் வெளிச்சமாகத் தெரியும். நிறையத் தண்ணீர் குடித்து மதியம்வரை காத்திருக்கச் சொன்னார்கள். உடம்புக்குள் கடலே வந்துவிட்டது என்று அலுத்துக்கொண்டாள்.

மதியம் அறையில் விளக்கைக் குறைத்தார்கள். மருத்துவமனை அங்கியோடு அவள் படுத்திருந்த பலகை, ஆற்றில் போகும் ஓடம்போல மெல்ல நகர்ந்தது. திரையில் புள்ளிகள் தூறலாக விழுந்து சேர்ந்தன. மண்டை ஓடு, விலா, முதுகுத்தண்டு என்று தூங்குகிற ஓர் உருவம் இருட்டிலிருந்து எழுந்து வந்தது. வலது இடுப்புக்கு வந்தபோது அங்கே ஒரு வெளிச்சம் கொத்தாக நின்றது.

"இன்னா கண்ணு, மூஞ்சி மாறிப்போச்சு? பரவிக்கீதா?"

படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர் என்றாள் ஜெயபாரதி. பக்கத்து அறையில் இருந்த டாக்டர் நந்தகுமார் பக்கவாட்டுப் படமும் வேண்டும் என்றார். அவர் சொல்லும் முன்பே அவளும் அதற்காகக் கேமராவைத் திருப்பிக்கொண்டிருந்தாள். புதிய படத்தில் வெளிச்சம் எலும்பில் இல்லை. தோலுக்கு வெளியே தனியாக மிதந்தது.

"அக்கா, இடுப்புல என்னா வெச்சிருக்கீங்க?"

தேசம்மா அங்கிக்குள் கைவிட்டு, பாவாடைச் சுருக்கில் செருகியிருந்ததை எடுத்தாள். காலையில் ஊசி போட்ட இடத்தில் அழுத்திய பஞ்சு. ரத்தத்தோடு கொஞ்சம் மருந்தும் அதில் கசிந்திருந்தது. ரத்தம் பட்டதைக் கண்ட இடத்தில் போட்டால் யாராவது எடுத்துச் செய்வினை வைத்துவிடுவார்கள் என்று அவள் வீட்டில் பயம். வெற்றிலையும் சில்லறையும் இருக்கும் இடத்துக்கே அதுவும் போய்விட்டது.

"எனக்கு உசுரே போயிடுச்சுக்கா."

"உனக்கே போச்சுன்னா எனக்கு?"

ஜெயபாரதி கையுறையோடு பஞ்சை வாங்கி ஈயப் பெட்டிக்குள் போட்டாள். தோலைத் துடைத்து, உடை மாற்றச் செய்து, பலகையை மறுபடி நகர்த்தினாள். தூறல் மீண்டும் விழுந்தது. இந்த முறை இரண்டு இடுப்பும் ஒரே மாதிரி மங்கலாக, அமைதியாக இருந்தன. தேசம்மா தூங்கிப்போயிருந்தாள்.

எலும்பில் பரவியதற்கான அடையாளம் இல்லை, அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார் டாக்டர். ஜெயபாரதி படத்தை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பெயரைச் சரிபார்த்து உறையில் இட்டு, தேசம்மாவின் கைகளில் கொடுத்தாள்.