இல்லாத பிரேக்

தம்பி புதுக் கார் வாங்கிவிட்டான் என்று மனைவி சொன்னதுமே டிரைவிங் மாஸ்டரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஆனால் ஓட்டுவதெல்லாம் டிரைவிங் ஸ்கூல் முதலாளியின் லொடலொட வண்டி. சொந்தமாக ஒரு டயர்கூட வாங்கியதில்லை. தம்பியோ மெத்தைக் கடைக்காரன். கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாமல் அவரிடம் திட்டு வாங்கியே பழகியவன். அவனுக்குப் புது வண்டியாம்! நியாயமா இது?

வாசலில் ஹாரன் அடித்தது.

“அண்ணா, நீதான் முதல்ல ஏறணும். பிள்ளைங்களக்கூட இன்னும் ஏத்தல.”

“எனக்கு வேற வேலைவெட்டி இல்லையா?” என்று எரிந்து விழுந்தார். மனைவி முறைத்த முறைப்பில் செருப்பை மாட்டிக்கொண்டு போய், பழக்க தோஷத்தில் தம்பிக்குப் பக்கத்து சீட்டில் ஏறினார்.

ஸ்கூல் வண்டியில் அந்த சீட்டுக்கும் தனியாக ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர்கள் சொதப்பினால் அவர் அழுத்துவார். இங்கே வெறும் தரைதான். ஆனாலும் தெருமுனை வந்ததும் அவர் கால் ஓங்கித் தரையை மிதித்தது.

“கண்ணாடியப் பாருடா! கியர யாரு மாத்துவா, உங்கப்பனா?”

“ரெண்டு பேருக்கும் ஒரே அப்பாதாண்ணா” என்று தம்பி சிரித்தான்.

அந்தச் சிரிப்பைக் கண்டதும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால், அவன் ஒழுங்காகத்தான் ஓட்டினான். வயிற்றெரிச்சலே அதுதான். திருப்பத்தில் கத்தினார். நேர் ரோட்டிலும் கத்தினார். மிதித்த மிதியில் புதுக் கால்மிதி சுருண்டு போனது.

சிக்னலில் பச்சை விழுந்தது. தம்பி பதறிப்போய் கிளட்சை விட, வண்டி குலுங்கி ஆஃப் ஆனது. பின்னால் ஒரே ஹாரன். மறுபடி கிளப்பினான், மறுபடியும் ஆஃப். எப்படியோ ஓரங்கட்டி நிறுத்தி, சாவியை நீட்டினான்.

“நீயே ஓட்டுண்ணா. உனக்குக் காட்டணும்னு ஆசை ஆசையா வந்தேன். இனிமே கூப்பிடமாட்டேன்.”

அவன் முகம் வாடவேண்டும் என்றுதானே இவ்வளவு நேரம் கத்தினார்? வாடிவிட்டது. ஆனால் அவருக்குத் துளி சந்தோஷம்கூட வரவில்லை. சீ, நானும் ஒரு அண்ணனா என்று தன் மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த சீட்டில் இருக்கும்வரை தன் வாய் சும்மா இருக்காது என்பதும் அவருக்குத் தெரியும்.

இறங்கிக் கதவைப் படாரென்று சாத்தினார். அண்ணன் நடந்தே வீட்டுக்குப் போகப்போகிறார் என்றுதான் தம்பி நினைத்தான். அவர் பின்கதவைத் திறந்து பின்சீட்டில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“என்னடா முழிக்கிற? எடு வண்டிய. வீட்டுக்கு இல்ல, நல்லா தூரமா போ.”

வண்டி குலுங்காமல் கிளம்பியது.

“வண்டி நல்லா இருக்குடா” என்றார். சண்டைக்கு இழுப்பதுபோலத்தான் வந்தது குரல்.

தம்பி கண்ணாடியைப் பார்த்தான். மாஸ்டர் இரண்டு கால்களையும் சீட்டின் மேல் மடக்கிவைத்துச் சம்மணம் போட்டிருந்தார்.