நூறாவது நாடும் அம்மா எழுதிய 'டி'யும்

1. அமெச்சூர் ரேடியோவில் நான் பேசி உறுதியான நாடுகள் தொண்ணூற்றொன்பது. நூறு ஆனால் ஒரு சான்றிதழ் தருவார்கள்.

2. ஒரு சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு உலகப் போட்டி தொடங்கியது. அதிகம் பேரோடு பேசியவருக்கு அதிகப் புள்ளி.

3. மதியம் மூன்று மணிக்கு, காதில் ஐரோப்பா கொட்டிக்கொண்டிருந்தபோது, மடிக்கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கியது. என்னைக் கேட்கவில்லை.

4. யாரோடு பேசினேன் என்ற பதிவேட்டைக் கையால் எழுத அம்மா உட்கார்ந்தாள். எங்கள் பக்கத்து நாசரேத்தில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள்.

5. கணினி திரும்பி வரும்வரை நான் சொல்லச் சொல்ல எழுதிய நாற்பத்தொரு வரிகளையும் தமிழில் எழுதினாள்.

தவறு என்னுடையது. அம்மாவுக்கு ஏழு குறிப்புகள் சொல்லியிருந்தேன். நேரத்தை முதலில் எழுது, வரிசை எண்ணை விடாதே, அடித்தல் கூடாது, இப்படி. வானொலியில் எழுத்துகளைச் சொற்களாகத்தான் சொல்வோம். டெல்டா என்றால் D, டேங்கோ என்றால் T. முழுச் சொல்லையும் எழுதினால் நேரமாகும் என்று, "முதல் எழுத்து போதும்மா" என்றேன். அது ஏழாவது குறிப்பு. ஆங்கிலத்தில் எழுது என்பது எட்டாவதாக இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் அவற்றைக் கணினியில் ஏற்றும்போது, கணினி விட்ட எண்ணிலிருந்து அம்மா தொடர்ந்திருந்த வரிசையில் நூற்று நாற்பத்து மூன்றாம் வரியில் நின்றேன். "டி எல் 8" என்று தொடங்கியது அந்த நிலையத்தின் அடையாளமான அழைப்புக்குறி. அதன் முதல் எழுத்துகள்தான் நாட்டைச் சொல்லும். DL என்றால் ஜெர்மனி. போட்டி நாட்களில் ஜெர்மனி பக்கத்துத் தெரு மாதிரி. TL என்றால் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு. கடலே இல்லாத நாடு. எங்கள் ஊர்த் துறைமுகத்துக்கு எந்தக் காலத்திலும் கப்பல் அனுப்பப்போவதில்லை. என்னிடம் அதுவரை இல்லாத நாடுகளில் அதுவும் ஒன்று. இணையத்தில் தேடினேன். DL8 என்று தொடங்கும் அதே குறி ஜெர்மனியில் ஒருவருக்கு இருந்தது. TL8 என்று தொடங்கும் அதே குறிக்காரர், அதே நேரம் அதே அலைவரிசையில் இருந்ததாக நாலு பேர் எழுதியிருந்தார்கள்.

நான்தானே பேசினேன், நினைவில்லையா என்று கேட்பீர்கள். பத்தாவது மணி நேரத்தில் காது கேட்கும், வாய் திருப்பிச் சொல்லும், மூளை கூடவே வராது. மேலும் நாங்கள் பேசுவது என்ன பெரிய பேச்சு? "ஐம்பத்தொன்பது, நன்றி." ஐம்பத்தொன்பது என்றால் உங்கள் குரல் துல்லியமாகவும் பலமாகவும் கேட்கிறது என்று பொருள். "நீங்கள் ஐம்பத்தொன்பது, உங்கள் அழைப்புக்குறி கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்று சொல்லாத ஆளை இந்தப் பொழுதுபோக்கில் நான் சந்தித்ததில்லை.

அம்மாவிடம் தாளை நீட்டினேன். "இது டெல்டாவா, டேங்கோவா?"

"டி."

"எந்த டி?"

"தமிழ்ல ஒரு டிதான் உண்டு ளா. அதுவும் டகரத்துல தமிழ்ச் சொல் தொடங்காது. ஒனக்காகத்தான் இலக்கணத்த விட்டுக்கொடுத்து எழுதியிருக்கேன்."

"காதுல என்ன விழுந்துச்சுன்னு யோசிச்சுப் பாரும்மா."

அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "டெல்டான்னு வந்தா எனக்குத் தஞ்சாவூர் ஞாபகம் வந்திருக்கும். வந்த மாதிரி இல்ல." கொஞ்சம் பொறுத்து, "வந்தாலும் வந்திருக்கும்" என்றாள்.

எங்கள் ரேடியோ கிளப்பின் மூத்தவர் மின்சாமான் கடை அண்ணாச்சி. கடைச் சுவரில் மின்விசிறிகளைவிடச் சான்றிதழ்கள் அதிகம். அவரிடம் போனேன்.

"இதுக்கா இவ்வளவு மொகவாட்டம்? ரெண்டையும் ஏத்து தாயி. எது ஒட்டுதோ அதுதான் நீ பேசுனது."

பேசிய இருவரும் இணையத்தில் ஏற்றும் பதிவேடுகள் பொருந்தினால்தான் நாடு உறுதியாகும். அதைத்தான் ஒட்டுவது என்கிறார்.

"அது பரீட்சையில ரெண்டு விடையும் எழுதுற மாதிரில்லா இருக்கு, அண்ணாச்சி."

"வாத்திச்சி மவள்னு காட்டிட்ட பாத்தியா! ஏத்துனா எவன் கேக்கப் போறான்?"

"பதிவேட்டுல கேட்டதத்தான எழுதணும்?"

"கேட்டதயா?" சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அப்படிப் பாத்தா இதுல பாதியக் கழட்டணும்." கடைப் பையனிடம் சொல்வதுபோல் எனக்குச் சொன்னார்: "டீ குடிச்சிட்டுப் போ."

வீட்டுக்கு வந்து இரண்டு வரிகளையும் தட்டச்சு செய்தேன். ஒன்று D, ஒன்று T. பொத்தானை அழுத்தினால் போதும். T ஒட்டினால் நூறு. அம்மா பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். "நான் ஒண்ணுதான எழுதினேன், இங்கன ரெண்டு இருக்கு?" என்றாள். அவள் குற்றமாகக் கேட்கவில்லை, கணக்காகத்தான் கேட்டாள். இரண்டையும் அழித்தேன்.

பிறகு ஆப்பிரிக்க நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன்: இந்த நாள், இந்த நேரம், உங்கள் பதிவேட்டில் நான் இருக்கிறேனா? பதில் வந்தது. இப்போது வேலை முகாமில் இருப்பதாகவும், பதிவேடு இருக்கும் ஊருக்குத் திரும்பியதும் பார்த்துச் சொல்வதாகவும் அந்த நிலையத்துக்காரர் எழுதியிருந்தார். எப்போது திரும்புவார் என்று எழுதவில்லை.

போட்டிக்கு நான் அனுப்பிய பதிவேட்டில் நூற்று நாற்பத்து மூன்றாம் வரி இல்லை. உறுதியான நாடுகள் தொண்ணூற்றொன்பது.