பொலிஸ் மேசையில் ஒரு ஸ்பைடர் பிளான்ட்

செடி விற்பவர்களுக்கு ஒரு சாபம் உண்டு. விற்ற பிறகும் அது நம்முடைய செடிதான்; இலை வெளுத்தால் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். சண்டைக் காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில், ஒரு மாடி வீட்டுப் பல்கனியில் ஸ்பைடர் பிளான்ட் வளர்த்து விற்றவள் நான். பச்சையும் வெள்ளையுமாக நீள இலை, நடுவிலிருந்து கொடி நீண்டு நுனியில் குட்டி போடுமே, அதேதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களுக்கு வேறு வருமானம் கிடையாது. நான் வளர்ப்பேன். இவர், அதாவது என் கணவர், பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுப்பார். போனவர் திரும்பி வந்து கதவைத் தட்டும்வரை நான் பல்கனியிலேயே நிற்பேன். அப்போது கொழும்பில் இருந்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

குட்டி போடாத செடி

பக்கத்து ஒழுங்கையில் ஒரு பள்ளிக்கூட ரீச்சர். "குட்டியே போடுதில்லை, ஏமாத்திப்போட்டீர்" என்று சண்டைக்கு வந்தார். போய்ப் பார்த்தால், செடியைப் பெரிய சட்டிக்கு மாற்றி வைத்திருக்கிறார். தாராளமாக இடம் கிடைத்தால் இது வேர் விட்டுக்கொண்டே இருக்குமே தவிர குட்டி போடாது. சட்டி கொஞ்சம் இறுக்கமாக இருக்க வேண்டும். குட்டி வந்ததும் கொடியை வெட்டாமல் ஈர மண்ணில் பதித்து, ஒரு கொண்டை ஊசியைக் குத்தி வைத்தால் வேர் பிடித்துவிடும். நாலைந்து குட்டிகளைத் தாய்ச்சட்டிக்குள்ளேயே நட்டால் செடி அடர்ந்து நிற்கும்.

நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, ரீச்சர் திரும்பி அறையைப் பார்த்தார். வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்த சொந்தக்காரர்கள் பாயோடு பாய் ஒட்டிப் படுத்திருந்தார்கள். ரீச்சர் பெருமூச்சு விட்டார். "இந்த வீட்டில வசதியா இருந்தது இந்தச் செடி ஒண்டுதான். அதுவும் பிழையாப் போச்சு!"

திரைச்சீலை

கொட்டாஞ்சேனையில் ஒரு ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயா. அவர் வீட்டுச் செடி வெளுத்து, நூல் மாதிரி மெலிந்து கிடந்தது. குண்டு வெடித்தால் சிதறாமலிருக்க ஜன்னல் கண்ணாடிக்குக் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டி, மேலே தடித்த திரை. "நேர் வெயில் கூடாது ஐயா, ஆனா நல்ல வெளிச்சம் வேணும்" என்று நான் திரையை விலக்கினேன். அவர் பாய்ந்து வந்து இழுத்து மூடினார். உள்ளறையில் யாரோ இருமி, அந்த இருமலை விழுங்கியது கேட்டது. தங்கையின் மகன் ஊரிலிருந்து வந்திருக்கிறானாம், பொலிஸில் இன்னும் பதியவில்லையாம்; பதியாமல் பிடிபட்டால் உள்ளேதான். ஐயா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "செடி செத்தா உம்மட்ட வேற ஒண்டு வாங்கலாம், தங்கச்சி."

வெள்ளைக் குறுணி

செடி வாங்குபவர்களுக்கு ஒரு பிடி உரமும் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பது என் வழக்கம். அன்றைக்குப் புறக்கோட்டையில் ஒரு கடைக்குச் செடி போனது, கூடவே பொட்டலமும் போனது. தமிழன் பையில் வெள்ளைக் குறுணி உரம் இருந்தால் அந்தக் காலத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். குண்டு. இவரைச் செக்பொயின்ற்றில் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பொலிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

செய்தி கேட்டு ஓடினேன். இவர் சட்டைப் பொத்தான் பிய்ந்து, மர வாங்கில் தலைகுனிந்து இருந்தார். இன்ஸ்பெக்டரின் மேசையில் செடி, பக்கத்தில் பொட்டலம். "பொஹொர, மாத்தயா. செடிக்குப் போடுற உரம்" என்று தெரிந்த சிங்களத்தில் அழுதேன். "போட்டுக் காட்டு" என்றார். ஒரு சிட்டிகை போட வேண்டிய இடத்தில், அவசரத்தில் பொட்டலம் முழுவதையும் கொட்டிவிட்டேன். பின்னேரம் இவரை விட்டார்கள். வாசலில் வைத்து இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "செடி இங்கேயே இருக்கட்டும். வளர்ந்தால் அது உரம். பட்டுப்போனால் உன் மனுசனை எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியும்."

தண்ணீர்ப் போத்தல்

அவ்வளவு உரம் போட்டால் இலை நுனி கருகும், பிறகு செடியே போய்விடும். நிறையத் தண்ணீர் ஊற்றி உரத்தைக் கழுவி இறக்குவது ஒன்றுதான் வழி. குழாய்த் தண்ணீரின் குளோரினும் அதற்கு ஆகாது. வாளியில் பிடித்த மழைத் தண்ணீரைப் போத்தல்களில் நிரப்பிக்கொண்டு மறுநாளே போனேன். வாசலில் காவலுக்கு நின்றவன், இலை நுனி வெட்டக் கொண்டுபோன கத்தரிக்கோலைப் பறித்துக்கொண்டான். போத்தலை நீட்டி "பொன்ன" என்றான். குடித்துக் காட்டினால்தான் உள்ளே விடுவான். குடித்தேன். கருகிய நுனிகளை நகத்தால் கிள்ளினேன். "விற்றால் கூப்பிடாமலே வந்து பார்ப்பது எங்கள் வழக்கம் மாத்தயா" என்று இன்ஸ்பெக்டருக்கு ஒரு பொய்.

அதன்பிறகு இவரை நான் வாசலுக்கு வெளியே விடவில்லை. செடிகளை நானே காவிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். பொலிஸ் மேசைக்குத் திரும்பத் திரும்பப் போனேன், ஒவ்வொரு முறையும் குடித்தேன். கடைசியில் நடுவிலிருந்து ஒரு பச்சை இலை எழும்பியபோது அங்கேயே அழுகை வந்துவிட்டது. சந்தோஷமாக வெளியே வந்தேன். காவல்காரன் காலி போத்தலை வாங்கிப் பார்த்துவிட்டு, தங்கச்சியைக் கூப்பிடுவதுபோலச் சொன்னான்: "அடுத்த முறை உன் மனுசன் வந்து குடிக்கட்டும், நங்கி."

மாற்றம்

இவரைக் கூட்டிப்போகவில்லை. காய்ச்சல் என்றேன், பிறகு வயிற்றோட்டம் என்றேன். செடி மட்டும் என் பொய்யைப் பற்றிக் கவலைப்படாமல் தழைத்தது. சட்டி நிறைந்து, கொடி விட்டு, ஃபைல்களுக்கு மேலே குட்டிகள் தொங்கின. இன்ஸ்பெக்டர் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். இனிப் பயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு காலை போனபோது மேசை வெறுமையாக இருந்தது. இன்ஸ்பெக்டருக்கு இடமாற்றம். முற்றத்தில் ஜீப்புக்குள் செடியைப் பக்குவமாக ஏற்றிக்கொண்டிருந்தார், வீட்டுக்குக் கொண்டுபோகிறாராம். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "உரம்தான், ஒத்துக்கொள்கிறேன்" என்றார். ஜீப் கிளம்பும்போது தலையை வெளியே நீட்டினார். "புதிதாக வருகிறவருக்கு உன் மனுசனைப் பற்றி எழுதி வைத்திருக்கிறேன். செடியைப் பற்றி எழுத மறந்துவிட்டேன்."

அன்றே பல்கனிச் செடிகளை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு வீடு மாறினோம். இத்தனை வருடம் கழித்தும், எங்கேயாவது ஒரு ஸ்பைடர் பிளான்ட் செழித்துக் குட்டி போட்டு நிற்பதைக் கண்டால், அழகு என்று சொல்வதற்கு முன் இவர் பக்கத்தில் நிற்கிறாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.