ஓ பாசிட்டிவ் பத்துமலை

இருபத்தேழு வருடமாக ஊசியும் கையுமாகத் திரிகிறேன். ஈப்போவைச் சுற்றி எங்கே இரத்த தான முகாம் நடந்தாலும் எங்கள் வேன் போகும், வேனோடு நானும் போவேன். நரம்பு பிடிபடாமல் ஓடி ஒளியும் கை, ஊசியைக் கண்டதுமே சில்லிட்டுப்போகும் கை என்று எத்தனையோ கைகளைப் பார்த்தாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு ஊசி போடச் சொன்னால் ஒரே ஒரு கையில்தான் போடுவேன். அது சிம்பாங் பூலாய் பத்துமலை அண்ணனின் இடது கை.

அண்ணன் லாரி ஓட்டுபவர். குவாரியில் கல் ஏற்றி லுமுட் வரைக்கும் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவார். பிறந்தது ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே பால்மரம் ஒன்றுகூட இல்லை, கண்ணுக்கெட்டியவரை செம்பனைதான். அவர் பிறந்த லயம், தொழிலாளர்களின் வரிசை வீடு, இருந்த இடத்தில் உரக் கிடங்கு நிற்கிறது. அதைப் பற்றி யாராவது உருகிப் பேசினால் அவருக்குப் பிடிக்காது. "லயத்துல என்னா இருந்துச்சு மிஸ்ஸி, மூட்டைப்பூச்சிதான் இருந்துச்சு" என்பார். என் பெயர் பமேலா. இங்கே தாதிகள் எல்லாரும் மிஸ்ஸிதான் என்பதால், அவ்வளவு வருடமும் என் பெயர் அவர் வாயில் ஒரு முறைகூட வரவில்லை.

அவர் இரத்தம் கொடுக்க வந்தது சமூக சேவைக்காக அல்ல. அது ஒரு வேண்டுதல். 1996இல் அவர் மனைவி கலாதேவிக்குத் தலைப்பிரசவம். குழந்தை பிறந்தது, ஆனால் தாய்க்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஒன்பது பை இரத்தம் ஏற்றி உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். அந்த ஒன்பது பேர் யார் என்று அண்ணன் கேட்டுப் பார்த்தார். அதையெல்லாம் சொல்ல மாட்டோம் என்றார்கள். நேராகக் கல்லுமலைக் கோயிலுக்குப் போய், "நூறு தடவை நானும் குடுக்குறேன், என் பொண்டாட்டி புள்ளைய நீ பாத்துக்க" என்று முருகனிடம் பேசி முடித்துவிட்டு வந்தார். மற்றவர்கள் காவடி எடுப்பார்கள், இவர் பை எடுத்தார்.

முதல் தடவை வந்த அன்றே என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பாதிப் பைகூட நிரம்பவில்லை, ஆள் கண்ணைச் செருகிவிட்டார். காலைத் தூக்கி வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினேன்.

"அண்ணே, பசியாறலையா?"

"வேண்டுதல்லா மிஸ்ஸி. பசியாறிட்டா காவடி தூக்குவாங்க?"

ஒன்பது நாள் ஒருவேளைச் சாப்பாடு, அன்று காலை வெறும் வயிறு. காவடிக்கு இருக்கும் விரதத்தை அப்படியே இரத்த தானத்துக்கும் இருந்திருக்கிறார். நான் வாரம் தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள், உபவாசம் எனக்கும் தெரியும். ஆனால் எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. "உங்க முருகனுக்கு உங்க மயக்கம் வேணாம், இரத்தம்தான் வேணும். தின்னுட்டு வாங்க" என்றேன். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். கவிச்சி கிடையாது, ஆனால் நாலு தோசை கட்டாயம். அதன் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, லாரி எங்கே இருந்தாலும், ஆள் முகாமில் இருப்பார். சிவப்பு அட்டை போட்ட அவருடைய தானப் புத்தகத்தில் ஒவ்வொரு வரியாக நிரம்பிக்கொண்டே வந்தது.

விரதம் அந்த ஒன்பது நாளுக்குத்தான். மற்ற நாளெல்லாம் காலையில் ரொட்டி சானாய், மத்தியானம் பொரித்த கோழி, வழியில் நிறுத்திய இடத்திலெல்லாம் தே தாரிக் என்கிற இனிப்புத் தேநீர். நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட். அவருடைய அப்பா ஐம்பத்திரண்டு வயதில் தோட்டத்து ஆற்றோரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. இதையெல்லாம் சொல்லி நான் பயமுறுத்துவேன். அவருக்குப் பயம் என்றால் என்ன என்றே தெரியாது. நாலைந்து வருடத்துக்கு முன் கைப்பேசியில் அவருக்கு ஒரு குரல் பதிவு வந்தது. 'ஓ' வகை இரத்தம் உள்ளவர்களுக்கு மாரடைப்பே வராது, வெளிநாட்டு ஆராய்ச்சியில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அதில் ஒருவர் அடித்துப் பேசினார். அண்ணன் அதை முகாமுக்கு வந்தவர் போனவர் எல்லாருக்கும் போட்டுக் காட்டினார்.

"கேளுங்க மிஸ்ஸி, நான் ஓ பாசிட்டிவ். என் நெஞ்சு இரும்பு."

அந்தப் பதிவில் கால் பங்கு உண்மை இருந்ததுதான் தொல்லை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். ஏ, பி, ஏபி வகைக்காரர்களோடு ஒப்பிட்டால் 'ஓ' வகைக்காரர்களுக்கு இருதய நோய் வரும் வாய்ப்பு சற்றுக் குறைவு என்று பல ஆராய்ச்சிகள் சொல்வது உண்மை. இரத்தம் உறைவதற்கு உதவும் ஒரு புரதம் அவர்களுக்குக் கொஞ்சம் குறைவாக இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் அந்த வித்தியாசம் மிகச் சிறியது. சிகரெட்டும் சர்க்கரையும் கொழுப்பும் இரத்த அழுத்தமும் சேர்ந்து செய்கிற வேலைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

"அண்ணே, லகாட்டைவிட சிம்பாங் பூலாயில மழை கொஞ்சம் கம்மின்னு வச்சிக்குங்க. அதுக்காக கொடைய வீட்ல போட்டுட்டு வருவீங்களா?"

"லாரியில கூரை இருக்கு மிஸ்ஸி" என்று சிரித்தார்.

போன வருடம் தொண்ணூற்றொன்பது முடிந்தது. நூறாவது சிம்பாங் பூலாய் மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்று முடிவாயிற்று. அந்த நாளை அவரே கேட்டு வாங்கினார். காரணம் இருந்தது. அந்தத் தலைப்பிரசவத்தில் பிறந்த மகள் பிரமிளா இப்போது தமிழ்ப்பள்ளி ஆசிரியை, நிறைமாதக் கர்ப்பிணி. அம்மாவுக்கு வந்த கதி தனக்கும் வருமோ என்று அந்தப் பெண் பயந்ததோ இல்லையோ, அப்பா பயந்தார். எதற்கும் பயப்படாத மனுஷன் இதற்கு மட்டும் பயந்தார். பேச்சு நூறு தடவை என்றால் நூறு தடவை. மகள் பிரசவ அறைக்குள் போகுமுன் அதை முடித்துவிட வேண்டும். ஒன்று குறைந்தாலும் முருகன் கையை எடுத்துவிடுவாரோ என்பது அவர் கவலை.

அன்று மண்டபத்தில் திருவிழாக் கூட்டம். குவாரி லாரிக்காரர்கள் முப்பது பேர் வந்திருந்தார்கள். மேடையில் 'நூறு' என்று எழுதிய துணி தொங்கியது. கலாதேவி அக்கா பெரிய சட்டியில் கேசரி கிண்டிக் கொண்டுவந்திருந்தார். பிரமிளா வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் வாசல் பக்கம் பாரம், அதாவது கேள்விப் படிவம், சரிபார்க்கும் மேசையில் இருந்தேன். அண்ணன் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மண்டபத்துக்கு மொத்தம் ஏழு படி. நாலாவது படியில் நின்றார். கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். அதன் திரையில் வெளிச்சம்கூட இல்லை. ஒரு நிமிடம் கழித்துத்தான் மீதி மூன்று படியை ஏறினார்.

பக்கத்தில் வந்ததும் காற்றெண்ணெய்த் தைல வாடை மூக்கைத் துளைத்தது. நம் ஆட்களுக்கு நெஞ்சில் எது வந்தாலும் காற்றுதான். தோட்டத்தில் பிறந்தவர்கள் நெஞ்சு வலித்தால் எண்ணெயைத் தேய்த்து, ஓமத் தண்ணீர் குடித்து, ஏப்பம் வரும்வரை காத்திருப்பார்கள். ஏப்பம் வருவதற்குள் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர்.

"எத்தன நாளா அண்ணே?"

"என்னாது மிஸ்ஸி?"

"நெஞ்சு."

"அட, காத்துலா. ரெண்டு வாரமா கொஞ்சம் பிடிக்கிது. நின்னா போயிருது."

நடந்தால் பிடிக்கிறது, நின்றால் போய்விடுகிறது. இதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவையில்லை. இது காற்று இல்லை, இருதயம். பாரத்தை வாங்கிப் பார்த்தேன். கேள்விகள் மலாயில் வரிசையாக இருந்தன. காய்ச்சல் உண்டா, இல்லை. மருந்து சாப்பிடுகிறீர்களா, இல்லை. பச்சை குத்தினீர்களா, இல்லை. எல்லாக் கட்டத்திலும் அழகாகக் குறி போட்டிருந்தார். நெஞ்சு வலி உண்டா என்ற கேள்விக்கு எதிரே மட்டும் ஆம், இல்லை இரண்டு கட்டமும் காலியாக இருந்தன.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். இவர் மறைக்கவும் தெரியாமல் சோற்றுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்.

"இதுக்கு ஏன் எழுதல?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "இல்லன்னு எழுதினா பொய் மிஸ்ஸி. சாமி காரியத்துல பொய் எழுதக்கூடாது. எழுதாம விட்டா பொய் இல்லல்ல?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. தொண்ணூற்றொன்பது பாரத்திலும் இந்த மனுஷன் ஒரு பொய் எழுதியதில்லை. உயிர் போகிற நேரத்திலும் எழுத வரவில்லை.

"நா குடுக்கிறதுனால வாங்கிறவங்களுக்கு கெடுதல் இருக்கா மிஸ்ஸி? இல்லல்ல. அப்புறம் என்னா? இந்த ஒண்ணு மட்டும்லா. புள்ளைக்கு அடுத்த வாரம் தேதி" என்று தணிந்த குரலில் கெஞ்சினார். ஒரு நாளும் கெஞ்சாதவர்.

"வாங்கிறவங்களுக்கு இல்ல, உங்களுக்குத்தான் கெடுதல். அவ்வளவு இரத்தம் ஒரேயடியா எறங்கினா அந்தக் கட்டில்லயே நெஞ்சு நின்னாலும் நிக்கும். உங்க மக முன்னுக்கு."

"நான் ஓ பாசி..."

"அந்தப் பேச்ச இன்னொரு வாட்டி சொன்னீங்க, நான் எந்திரிச்சுப் போயிருவேன்."

நான் பாரத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன், பேனாவை அதன்மேல் வைத்தேன். காலியான பாரத்தை நான் வாங்க முடியாது, நீங்களே எழுதுங்கள் என்றேன். இல்லை என்று எழுதியிருந்தாலும் நான் அவரைக் கட்டில் பக்கம் விட்டிருக்க மாட்டேன். அது அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் அப்படிப் பொய் எழுத மாட்டார் என்று எனக்குத் தெரியும். இருபத்தேழு வருடம் ஒருவர் கையைப் பிடித்தால் அவ்வளவுகூடத் தெரியாதா.

பேனாவை எடுத்தார். மேடையில் தொங்கிய நூறைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிரமிளா கையசைத்தாள். அவரும் அசைத்தார். பிறகு ஆம் என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டு, பாரத்தை என்னிடம் நீட்டினார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

அரை மணி நேரத்தில் ஆம்புலன்சில் இருந்தார். அன்று மாலையே படம் எடுத்துப் பார்த்ததில் மூன்று குழாய் அடைப்பு. அதில் ஒன்றில் நூல் நுழையும் இடம்தான் பாக்கி. இன்னும் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது என்றார் டாக்டர். நாலாம் நாள் நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். நாலு பை இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. 'ஓ' இரத்தம் எத்தனையோ பேருக்கு ஆகும், ஆனால் 'ஓ'க்காரருக்கு 'ஓ' மட்டும்தான் ஆகும். ஊருக்கெல்லாம் கொடுக்கலாம் என்று அத்தனை வருடம் பெருமையடித்தவர், தனக்கென்று வரும்போது யாரிடம் வாங்க முடியும் என்று யோசித்ததே இல்லை.

நான் பார்க்கப் போனபோது முதல் கேள்வியே அதுதான்.

"எத்தன பை மிஸ்ஸி?"

"நாலு."

"யாரு குடுத்தாங்க?"

"தெரியாது அண்ணே. சொல்லவும் மாட்டாங்க."

பக்கத்தில் கலாதேவி அக்கா தைலச் சீசாவை எல்லாம் குப்பைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். மொத்தம் ஆறு சீசா.

அவர் படுக்கையில் இருக்கும்போதே பிரமிளாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சுகம், ஒரு சொட்டு இரத்தம்கூட ஏற்ற வேண்டியிருக்கவில்லை. இருதய நோயாளி இனி எப்போதும் இரத்தம் கொடுக்க முடியாது என்பதை நான்தான் அவரிடம் சொன்னேன். சரி என்றார். சிகரெட்டை விட்டார். ரொட்டி சானாயை மாதத்துக்கு ஒன்று என்று குறைத்தார். அந்தக் குரல் பதிவை அழித்துவிட்டதாகச் சொன்னார், கைப்பேசியைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்.

எட்டு மாதம் கழித்து அதே மண்டபத்தில் முகாம். ஏழு படியையும் நிற்காமல் ஏறி, அதே மஞ்சள் சட்டையில் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். ஒரு பாரம் கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். உட்கார்ந்து நிதானமாக எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதினார். இருதய நோய் உண்டா, ஆம். அறுவை சிகிச்சை நடந்ததா, ஆம். இரத்தம் பெற்றதுண்டா, ஆம். ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. பாரத்தோடு சிவப்புப் புத்தகத்தையும் வைத்தார்.

"பசியாறிட்டேன் மிஸ்ஸி. ஒம்போது நாள் கவிச்சியும் தொடல. சொன்ன மாதிரி நூறாவது தடவைக்கு வந்திருக்கேன். வேணாம்னா வேணாம்னு நீங்க எழுதிக் குடுங்க. நான் வரலன்னு முருகன் சொல்லக்கூடாது."

நூறாவது வரியில் தேதி போட்டேன். நாங்கள் ஆளைத் திருப்பி அனுப்பினால் அதற்கான காரணத்தையும் எழுத வேண்டும். 'இருதய நோயாளி' என்று எழுதினால் போதும். நான் மூன்று வார்த்தை எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினேன். அண்ணன் புத்தகத்தைத் தூரமாகப் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

'வந்தார். ஏற்கெனவே பெற்றுக்கொண்டார்.' பெற்றுக்கொண்டது முருகனா அண்ணனா என்று நான் எழுதவில்லை.

"சரியா எழுதியிருக்கீங்க பமேலா" என்றார்.