பார்க்காத முடிச்சு

கயிறு விட்டுவிட்டது. தறியில் ஏற்றுவதற்காகத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்த பட்டு இழைகளின் பாவு ஒரு கணம் காற்றில் தொங்கியது, பிறகு சிமெண்டு ரோட்டில் விழுந்தது. கஞ்சி தடவிய ஈர இழைகள் சுருண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. கம்பத்தில் சாய்த்த ஏணியின் மேல் நின்று சிம்ரன் அதைப் பார்த்தாள்.

"ஏய், இன்னாம்மா பண்ணித் தொலைச்ச!" கீழே கத்தினார் நெசவுக்காரர் உமாபதி. வாயில் வெற்றிலை இருந்ததால் பாதிதான் வெளியே வந்தது.

அந்தத் தெருவில் பாவு கட்ட முன்பு கல்தூண்கள் இருந்தன. ரோடு போட்டவர்கள் அவற்றைச் சிமெண்டுக்குள் புதைத்துவிட்டார்கள். அப்போதிருந்து பாவின் ஒரு முனையை இந்தக் கேபிள் கம்பத்தில்தான் கட்டுகிறார்கள். சிம்ரன் பிராட்பேண்ட் கம்பெனியில் கேபிள் வேலை பார்ப்பவள். மேலேயே பார்த்துக்கொண்டு ஏறினாள். அடியில் இருந்த கயிற்றைக் கவனிக்கவில்லை. உச்சியில் பத்து வருட வயர்கள் காக்காக்கூடு மாதிரி சிக்கிக் கிடந்தன. வழக்கம்போலக் கண்ணை மூடிக் கையை வைத்தாள். வயர்கள் அவிழ்ந்தன. கம்பத்தில் கட்டியிருந்த எல்லாமே அவிழ்ந்தது.

அவளுக்குப் பிறவியிலேயே அப்படி. கை வைத்தால் முடிச்சு அவிழும். மனசு பதறினால் கையே வேண்டாம், பக்கத்தில் இருப்பவை தானாக அவிழும். சொந்த ஊரான முசரவாக்கத்தில், கைக்குழந்தையாகத் தூளியில் கிடந்து அவள் அழுதபோதெல்லாம் தூளி அவிழ்ந்து விழ, அம்மா செல்லியம்மாள் கடைசியில் கட்டுக்கம்பி போட்டு முறுக்கினாள். பள்ளிக்கூடத்தில் ரிப்பன் நிற்காது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பூக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சிரித்தபடி மாலையை நீட்டுவாள், வாங்குகிறவர் கையில் உதிரிப்பூ இருக்கும். கேபிள் வேலையில்தான் இந்தக் கை உதவியது. மற்றவர்கள் அரை நாள் மல்லுக்கட்டும் கம்பத்தை இவள் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவாள். எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

சித்தப்பா மகன் கிறிஸ்டோபரின் கல்யாணம்தான் வினையானது. முன்னெச்சரிக்கையாக அவளைச் சர்ச்சின் கடைசித் தூணுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். நின்றாள். ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தாலி மூன்று முறை அவிழ்ந்தது. அதன் பிறகு சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் அவளை யாரும் அழைக்கவில்லை.

நாளைக்கு அவள் அக்கா ஜோதிகாவின் கல்யாணம்.

"நீ டூட்டிக்குப் போய்டுமா. பிரியாணி எடுத்து வெக்கிறேன்" என்று அம்மா காலையில் சொல்லியிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல், சாப்பாட்டுப் பையைக் கட்டிக்கொண்டே சொன்னாள். ஜோதிகா உள்ளே அழுவது கேட்டது. தான் போகாமல் இருப்பதுதான் அக்காவுக்கு நல்லது என்று சிம்ரனும் நினைத்தாள். நினைத்தபடியே வேலைக்கு வந்து, இதோ, ஒரு பாவைக் கீழே தள்ளியிருக்கிறாள்.

ஏணியிலிருந்து இறங்கினாள். உமாபதி சிக்கைப் பிடித்து இழுத்தார். அது இன்னும் இறுகியது. வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி அகிலா ஓடிவந்தாள்.

"இழுக்காத, இழுக்காத! வெயில் வந்துக்கினு இருக்குது பாரு. கஞ்சி காஞ்சிதுன்னா சிக்கு கல்லாயிடும்."

"கத்திரிக்கோல எடு. வெட்டிட்டு மிச்சத்தப் பாக்கலாம்."

"வெட்டுவ! ஒன் தலைய வெட்டு."

"அண்ணா, நான் எடுத்துத் தரேன்" என்றாள் சிம்ரன்.

உமாபதி அவளை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊரு நீ?"

"முசரவாக்கம்."

"முசரவாக்கத்துல எங்க?"

"சர்ச்சுப் பக்கம்."

"ஓ" என்றார். "பாவுல கை வெக்காத."

"அவ எந்தப் பக்கமா இருந்தா ஒனக்கின்னா? கம்பத்துல கட்டாதன்னு தலப்பாடா அடிச்சிக்கினேன், கேட்டியா?" என்றாள் அகிலா. சிம்ரன் பக்கம் திரும்பினாள். "சிக்கெடுக்கத் தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்கா. அது ஒண்ணுதான் தெரியும்."

அகிலா குனிந்து குவியலுக்குள்ளிருந்து ஒரு சிவப்புக் கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். இழைகள் வரிசை மாறாமல் இருக்க, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து அதில் கோத்துக் கட்டியிருந்தது. "எது வேணா அவுக்கலாம். இது மட்டும் அவுந்துச்சி, எந்த இழைக்குப் பக்கத்துல எந்த இழைன்னு ஆண்டவனுக்கும் தெரியாது. பாவு செத்துது."

சிம்ரன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். எல்லாம் அவிழ வேண்டும், ஒன்று மட்டும் அவிழக் கூடாது. இதுவரை அப்படி நடந்ததேயில்லை.

நடந்ததேயில்லையா? தினமும் மதியம் சாப்பாட்டுப் பை. அம்மா போட்ட முடிச்சு. பசியில் அதையே பார்த்துக்கொண்டு நகத்தால் நோண்டுவாள். வராது. எல்லாரையும் போலப் பல்லால் கடித்துத்தான் அவிழ்ப்பாள். அந்த முடிச்சிலும் இந்தக் கைதானே படுகிறது?

தலைக்குப் பின்னால் இருந்த ரிப்பனை அவள் பார்த்ததில்லை. மாலையை நீட்டும்போது வாங்குகிறவர் முகத்தைப் பார்த்தாள். கம்பத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். கிறிஸ்டோபர் கல்யாணத்தில் சுவரைப் பார்த்தாள். சுவரைப் பார்க்கச் சொன்னார்கள்.

"அக்கா" என்றாள். "அந்தச் செவப்புக் கயித்த என் கண்ணுக்கு நேராப் புடிங்க. இன்னா நடந்தாலும் கீழ விட்றாதீங்க."

அகிலா முடிச்சை முகத்துக்கு நேரே பிடித்தாள். சிம்ரன் தெருவில் மண்டியிட்டாள். ஒரு கையை ஈரப் பாவின் மேல் வைத்தாள். கண் சிவப்பு முடிச்சை விட்டு நகரவில்லை.

முதலில் எதிர் வீட்டுத் துணிக்கொடி விழுந்தது. ஒரு கன்றுக்குட்டி கயிறு கழன்று, நம்ப முடியாமல் நின்று, பிறகு ஓடியது. தெருவுக்குக் குறுக்கே கட்டியிருந்த கட்சிக்கொடித் தோரணம் மொத்தமாக இறங்கியது. அகிலாவின் கொண்டை சரிந்தது.

"ஐயோ, ஏம்மா!" என்று உமாபதி இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டார்.

அகிலாவுக்குச் சிரிப்பு வந்தது. சிம்ரனுக்கும் வந்தது. ஆனால் கண் சிமிட்டவில்லை. கண்ணில் நீர் கோத்து முடிச்சு மங்கலாகத் தெரிந்தது. மங்கலாகத் தெரிந்தாலும் தெரிந்தது. உள்ளங்கையின் கீழே இழைகள் ஒவ்வொன்றாக நழுவுவதை உணர்ந்தாள். நழுவி, நழுவி, பிறகு நழுவ ஏதுமில்லை.

"போதும்மா" என்றாள் அகிலா மெல்ல. "வந்துட்டுது."

பாவு தரையில் சீராகக் கிடந்தது. சிவப்பு முடிச்சு அகிலாவின் விரல்களுக்கிடையில் அப்படியே இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பாவைத் தூக்கி இழுத்துக் கட்டினார்கள். வேறு தூண் இல்லாததால் அதே கம்பத்தில். உமாபதி ஒரு கையால்தான் உதவினார்.

"இதெல்லாம் கம்பெனியில சொல்லிக் குடுக்கிறாங்களா?"

"இல்லண்ணா. பொறந்ததுலருந்து இருக்குது."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "நாளைக்கு எதிர் வீட்டுல பாவு போடறாங்க. எதுக்கும் வந்து நின்னியன்னா நல்லாருக்கும்."

"நாளைக்கு முடியாதுண்ணா" என்றாள் சிம்ரன். "எங்க அக்கா கல்யாணம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. ஏணியை வண்டியில் கட்டாமல் அப்படியே நின்று போன் செய்தாள்.

"அம்மா, நாளைக்கு நான் வரேன். தூணுக்குப் பின்னாடியெல்லாம் நிக்க மாட்டேன். அக்காவுக்குப் பின்னாலயே நிப்பேன்."

"ஒனக்குப் பைத்தியமாடி? அன்னிக்கு நடந்தது மறந்துட்டுதா?"

"நீ கட்டிக் குடுக்கிற சாப்பாட்டுப் பை என்னிக்காவது தானா அவுந்துச்சா?"

"பல்லால கடிச்சிப் பையையே கிழிச்சி வெக்கிற."

"அதத்தான் சொல்றேன். நான் பாக்கற முடிச்சு அவுறாதுமா. நீங்கதான் என்னியச் செவுத்தப் பாக்கச் சொன்னீங்க."

போன் கை மாறியது. ஜோதிகாவின் குரல்.

"வாடி. நீ வந்து பாக்கலன்னா நான் கழுத்தையே நீட்ட மாட்டேன்."

மறுநாள் சனிக்கிழமை. சர்ச்சில் பத்து மணிக்கு ஆரம்பிக்க வேண்டிய பூசை பதினொன்றுக்கு ஆரம்பித்தது. மாப்பிள்ளை யேசுதாஸ் தாலி கட்டினார். சிம்ரன் பின்னால் நின்று அக்காவின் பிடரியில் முடிச்சு விழுவதைப் பார்த்தாள். முடிச்சு நின்றது. வாசலில் சீரியல் பல்பு சரம் ஒன்று விழுந்தது. எலக்ட்ரீஷியன் ஏறி மறுபடி கட்டினார். போட்டோகிராபர் கேமராவைப் பார்க்கச் சொன்னபோது அவள் பார்க்கவில்லை, அதனால் எல்லாப் படத்திலும் அக்காவின் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்போது அவள் முடிச்சைப் பார்க்கவில்லை. பதற்றமும் இல்லை. தாலி இருந்த இடத்தில் இருந்தது. பிரியாணியில் உப்பு கொஞ்சம் குறைவு. மூன்று மணிக்கு மழை தூறி நின்றது.