தணிகாசலம் எழுதிய விலைப்பட்டியல்

தணிகாசலம் காலமான செய்தி வந்தபோது நான் தெருமுனையில் தண்ணீர் லாரிக்காக நின்றுகொண்டிருந்தேன். இந்தக் கோடையில் மயிலாப்பூரில் எங்கள் எல்லோருக்கும் காலை வேலை அதுதான். என் கணவர் வாசலுக்கு வந்து, "கோடம்பாக்கத்துலேர்ந்து போன். உங்க ஆபீஸ் தணிகாசலம் தவறிட்டாராம்" என்றார். லாரி அப்போதுதான் தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டு குடம் பிடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். துக்கத்துக்குப் போய்விட்டு வந்தால் குளிக்க வேண்டுமே என்பதுதான் முதலில் தோன்றியது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. இந்த வயதில் சாவுச் செய்தி அசதியைத்தான் முதலில் கொண்டுவருகிறது. அழுகை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வந்தது.

கிண்டித் தொழிற்பேட்டையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் சேர்ந்தவர்களும் நம் ஊழியர் சங்க இதழைப் படிக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். கம்பெனிக்கு வருவதற்கு முன் அவர் கோடம்பாக்கத்தில் சினிமா கம்பெனிகளுக்குச் சாமான் வாங்கித் தருகிற வேலையில் இருந்தார். காலையில் நூறு பித்தளைக் குடம் வேண்டும் என்றால் மத்தியானத்துக்குள் கொண்டுவந்து இறக்குவாராம், அதுவும் வேறு யாருக்கும் கிடைக்காத விலையில். பிறகு எங்கள் கொள்முதல் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தார். நானும் அதே பிரிவில் எதிர் மேசை.

அவர் பேரம் பேசுவதை ஒருமுறை பாண்டி பஜாரில் பார்த்தேன். என் மகளுக்கு ஒரு குடை வாங்கப் போயிருந்தோம். கடைக்காரர் விலை சொன்னார். தணிகாசலம் பதிலே பேசவில்லை. குடையை விரித்தார், மடக்கினார், வைத்துவிட்டுக் கடைக்காரரின் ஊர் எது என்று விசாரித்தார். கடைக்காரர் தானாகவே குறைத்தார். இவர் மறுபடி விரித்து, மடக்கி, வைத்தார். வெளியே வந்ததும், "விலையை நாம சொல்லக் கூடாதும்மா. அவர் வாயாலயே ரெண்டு தடவை எறங்கி வரணும். அப்பத்தான் அது விலை" என்றார். அந்தப் பெருமை அவருக்கு உண்டு. வேறு எதிலும் அவர் பெருமைப்பட்டுப் பார்த்ததில்லை.

அந்தப் பெருமைதான் ஒரு தப்பில் கொண்டுபோய் விட்டது. கம்பெனியில் வெளிநாட்டார் பங்கு சேர்ந்த பிறகு, புது இயந்திரங்களை நிறுவ ஐரோப்பாவிலிருந்து பொறியாளர்கள் குடும்பத்தோடு வந்து இறங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அடையாறிலும் பெசன்ட் நகரிலும் வீடு பிடித்துக் கொடுத்தோம். சம்பளத்துக்கு மேல், சென்னையில் குடித்தனம் நடத்த அவர்களுக்கு ஒரு படித்தொகை உண்டு. அது எவ்வளவு என்று தலைமை அலுவலகம் முடிவு செய்வதற்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு படிவம் வரும். தக்காளி, ரொட்டி, மீன், முடிவெட்டு, ஆட்டோ, வீட்டு வாடகை என்று பக்கம் பக்கமாக இருக்கும். எல்லாவற்றுக்கும் சென்னை விலையை எழுதி அனுப்ப வேண்டும். அந்த வேலை தணிகாசலத்திடம் வந்தது.

அவர் அதை ஆபீஸில் உட்கார்ந்து நிரப்பவில்லை. பையை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் கடைகடையாக அலைந்தார். படிவத்தில் 'தண்ணீர்' என்று ஒரு வரி இருந்தது. சாயங்காலம் வேர்த்து விறுவிறுத்து வந்து என் மேசையருகே நின்று, "வராத தண்ணிக்கு இன்னாம்மா விலை போடறது?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வரிக்காக மறுநாள் லாரிக்காரர்களைத் தேடிப் போனார்.

இப்படி எழுதிய விலைகள் எல்லாம் அவர் வாங்குகிற விலைகள். வெள்ளைக்காரர்களிடம் இதைவிடக் கூட்டித்தானே கேட்பார்கள் என்று நான் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏமாந்து குடுக்கறதையெல்லாம் நான் விலைன்னு எழுத மாட்டேன்மா. நம்ம ஊரையே திருட்டு ஊருன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்." அதற்கு மேல் நான் வாதாடவில்லை. படிவத்தின் அடியில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் அவரும் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் நானும் கையெழுத்துப் போட்டோம். கூட்டல் சரியாக இருக்கிறதா என்பதைத் தவிர நான் எதையும் சரிபார்க்கவில்லை.

சென்னை இவ்வளவு மலிவா என்று தலைமை அலுவலகத்தில் ஆச்சரியப்பட்டார்களாம். வெளிநாட்டுக் குடும்பங்களுக்கான படியைக் குறைத்துவிட்டார்கள். எங்கள் மேலாளருக்கு ஒரே சந்தோஷம். தணிகாசலத்தைக் கூப்பிட்டுக் கைகுலுக்கி, காலியாக இருக்கும் கொள்முதல் அதிகாரி பதவி அவருக்குத்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். இருபது வருஷம் உதவியாளராகவே இருந்த மனிதர். அன்று தி. நகரில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார், பேரம் பேசாமல்.

ஒரு மாதம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஒரு பெண் கம்பெனி கேட்டில் நின்று அவரைப் பார்க்க வேண்டும் என்றாள். பெயர் கன்னியம்மா, நொச்சிக்குப்பம். அடையாறில் பொறியாளர் ஒருவரின் மனைவி கிறிஸ்டா வீட்டில் சமையல் வேலை. நானும் தணிகாசலத்தோடு கேட்டுக்குப் போனேன்.

"நீதான் விலை எழுதற சாரா?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை.

"ஆமாம்மா. இன்னா விசயம்?"

"எங்க ஊர்ல எல்லாம் சல்லிசுன்னு எழுதிக் குடுத்தியாமே. எங்க வெள்ளைக்காரம்மாவுக்கு வர்ற துட்டு கொறஞ்சிபோச்சாம். என்னை அரை நாள் வந்தா போதும்னு சொல்லிட்டாங்க. தோட்டக்காரரை நிறுத்திட்டாங்க. என் பொண்ணு நர்சு படிச்சிக்கினு கீது சார். இந்த மாசம் பீஸ் கட்ட வழி இல்ல. நீ எந்தக் கடைல வாங்கினன்னு சொல்லு, நானும் அங்கயே வாங்கிக்கிறேன்."

தணிகாசலம் திரும்பி வந்து டிபன் பாக்ஸைத் திறந்தார், மூடினார். மற்ற வெளிநாட்டு வீடுகளிலும் விசாரித்தார். எல்லா இடத்திலும் இதே கதை. படி குறைந்ததும் அந்தக் குடும்பங்கள் தங்கள் ரொட்டியையும் வெண்ணெயையும் குறைத்துக்கொள்ளவில்லை. வீட்டு வேலைக்காரர்களைத்தான் குறைத்திருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை அவர் ஒரு காரியம் செய்தார். கிறிஸ்டாவைத் தனியாகக் கடைக்குப் போகச் சொல்லி, சற்றுத் தள்ளிப் பின்னாலேயே நடந்து, அவரிடம் என்ன விலை கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்வது என்று ஏற்பாடு. கடற்கரைச் சாலையில் மீன் விற்கிற இடத்தில் வஞ்சிரத்துக்கு ஒரு விலை சொன்னார்களாம். இரட்டிப்புக்கும் மேல். கிறிஸ்டா பர்ஸைத் திறந்திருக்கிறார். தணிகாசலத்தால் தாங்க முடியவில்லை. நேரே போய், "இன்னா ஆயா, மீனா விக்கிற இல்ல நகையா விக்கிற?" என்று ஆரம்பித்துவிட்டார். ஐந்து நிமிஷத்தில் விலை பாதியாக இறங்கிவிட்டது. கிறிஸ்டா நன்றி சொல்லி மீனை வாங்கிக்கொண்டார். குறிக்க வேண்டிய விலை போய்விட்டது.

திங்கட்கிழமை என்னிடம் வந்து தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "என்னால வாயை அடக்க முடியலம்மா. நீங்க போங்க." நான் போனேன். வீட்டில் இரண்டு குழந்தைகள், மாமியாருக்கு உடம்பு சரியில்லை, ஆனாலும் மூன்று சனிக்கிழமை அடையாறிலும் மயிலாப்பூர் மாடவீதியிலும் ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் பின்னால் வெயிலில் நடந்தேன். வாழைப்பழத்துக்கும் ஆட்டோவுக்கும் செருப்பு தைப்பதற்கும் அவர் கொடுத்ததை என் கையால் குறித்தேன். எங்கள் தெருப் பூக்காரி, எனக்குக் கொடுக்கிற அதே பூவை அவருக்கு மூன்று மடங்கு விலைக்குக் கொடுத்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. அலுப்பாகத்தான் இருந்தது.

தணிகாசலம் அந்தத் தாளைத் தன் முதல் படிவத்தின் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்தார். "ஊருக்கு ஒரே விலைன்னு நெனச்சிட்டேன். ஆளுக்கு ஆள் வேற விலை இருக்கறதும் இந்த ஊருதானே" என்றார்.

முதல் படிவம் தவறு, இதுதான் சரி என்று தலைமை அலுவலகத்துக்கு எழுத முடிவு செய்தார். மேலாளர் கூப்பிட்டு எச்சரித்தார். தவறான அறிக்கை கொடுத்ததாக எழுத்தில் ஒப்புக்கொள்கிறவருக்கு அதிகாரி பதவி கொடுக்க முடியாது, அடுத்த படிவத்தில் ஓசைப்படாமல் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாமே என்றார். அடுத்த படிவத்துக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. "அந்தப் பொண்ணு போன மாசமே பீஸ் கட்டியிருக்கணும் சார்" என்று தணிகாசலம் சொன்னதை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்தேன். 'நான் தவறு செய்தேன்' என்று சொன்னார். அப்படியே அடித்தேன். முதல் படிவத்தில் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான். புது விலைகளை நடந்து குறித்தவளும் நான். கடிதத்தின் அடியில் அவர் பெயரை மட்டும் அடிக்கச் சொன்னார். என் விரல்கள் ஒரு நிமிஷம் நின்றன. அவரும் அதைப் பார்த்தார். பிறகு நான் தாளை உருவி அவரிடம் நீட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டார். நானும் போடுகிறேன் என்று நான் சொல்லவில்லை.

இரண்டு வாரத்தில் படி பழைய நிலைக்கு வந்தது. கன்னியம்மா முழுநாள் வேலைக்குத் திரும்பினாள். தணிகாசலத்துக்குப் பதவி போயிற்று. அடுத்த வருஷம் அந்த நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். முதலில் வந்து வாழ்த்தியவர் அவர்தான். ஓய்வு பெறும்வரை என் கீழே உதவியாளராக வேலை பார்த்தார். ஒருநாள்கூட அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசியதில்லை. அவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒவ்வொரு நாள் காலையிலும் அவர், "வணக்கம்மா" என்று சொல்கிறபோது நான் ஃபைலைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வேன். அவர் ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் பேசினார்கள். நான் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கோடம்பாக்கம் போனேன். சாப்பாடு முடிந்து கிளம்புகிற நேரத்தில் அவர் மனைவி சரோஜா அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கடுதாசி விஷயம் எனக்குத் தெரியும்மா" என்றார். "நானும் கையெழுத்துப் போடுவேன்னு நீங்க அழுதீங்களாமே. 'நான்தான் பேப்பரைப் பிடுங்கிக்கிட்டேன். சின்னப் பசங்களை வெச்சிருக்கு, அந்தப் பொண்ணு வேலைக்கு எதுவும் வந்துடக் கூடாது'ன்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்காரு. பதவி போச்சேன்னு நான் புலம்பறப்பல்லாம், 'அந்தம்மா உக்காந்திருக்கறதும் நான் உக்காந்திருக்கறதும் ஒண்ணுதான், பேசாம இரு'ம்பாரு."

நான் அழவில்லை. அவர் தாளைப் பிடுங்கவும் இல்லை. சரோஜா அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

இரண்டு வாரமாக அந்தத் தலையாட்டல்தான் மனசை அறுக்கிறது. கடைக்காரர் கூட்டிச் சொன்னதைக்கூட விலை என்று எழுத மறுத்த மனிதர், தன் வீட்டில் என் பெயர் கெடக் கூடாது என்று நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷமும் அதைக் கட்டிக் காப்பாற்றியிருக்கிறார். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய் அது.

அவரிடமிருந்து எனக்கென்று மிச்சம் இருப்பது அந்தப் பொய்தான். வேறு யாராவது அவருடைய பேரத்தையும் சிரிப்பையும் பற்றி எழுதுங்கள். இந்த இதழ் தபாலில் சரோஜா அம்மாளுக்கும் போகும் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன். அம்மா, அன்றைக்கு நான் அழவில்லை. அவர் கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.